மலைக்கோட்டையிலிருந்து அரங்கம் வரை: திருச்சியைக் களத்தில் வரைதல்

திருச்சிராப்பள்ளியின் நிலக்காட்சி மூன்று பகுதிகளால் ஆனது. தெற்கே சமதரையிலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்துக்கு எழும் மலைக்கோட்டைப் பாறை. நடுவில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காவிரி. வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். பாறைக்கும் அரங்கநாதர் சன்னதிக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை முதல் 1987ல் கட்டி முடிக்கப்பட்ட ராஜகோபுரம் வரை பல காலத்துக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஓவிய மாணவர் நடந்தே சுற்றி வரைந்துவிடக் கூடிய அளவில் இத்தனை காலங்களை வைத்திருக்கும் நகரங்கள் தமிழ்நாட்டில் குறைவு.

இந்நகரில் வரலாறு பெரும்பாலும் இணைப்புகளில்தான் தெரிகிறது. பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது, கல் அடித்தளம் எங்கே முடிந்து செங்கல் எங்கே ஏறுகிறது, கோட்டை மதில் இருந்த இடத்தில் சாலை எப்படி வளைகிறது என்பவையே அந்த இணைப்புகள். புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் எடுத்துக்கொள்ளும். வரைபவரோ ஒவ்வொரு கோட்டுக்கும் ‘இது எதன் விளிம்பு’ என்று கேட்டே ஆக வேண்டும். களத்தில் வரைவதன் பயன் அந்தக் கேள்வியில் இருக்கிறது. இந்த இயல் முதலில் முன்னோடிகளையும் கருவிகளையும் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு இடமாகச் செல்கிறது.

முன்பு வரைந்தவர்கள்

திருச்சியை நேரில் பார்த்து வரைந்த வெளிநாட்டு ஓவியர்களில் பெயர்பெற்றவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும். 1792ல் தென்னிந்தியப் பயணத்தின்போது இங்கு வந்தார்கள். களத்தில் எடுத்த வரைவுகளை லண்டனில் அக்வாடின்ட் அச்சுகளாக மாற்றி, 1795 முதல் 1808 வரை வெளியான ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதிகளில் சேர்த்தார்கள். காவிரிப் பக்கத்திலிருந்து தெரியும் பாறை அவற்றுள் ஒன்று. கட்டடங்களின் அளவுப் பொருத்தத்துக்காக கேமரா அப்ஸ்கூரா என்னும் இருட்டுப்பெட்டியையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். 1858ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னியஸ் டிரைப் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தார். இதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் மெல்லிய அப்பிரகத் தகடுகளில் பல தொழில் செய்வோரையும் திருவிழாக்களையும் தீட்டி ஆங்கிலேயருக்கு விற்றார்கள். டேனியல்கள் பாறையைப் பார்த்த காலத்தை ஒட்டியே உள்ளூர்க்காரர்கள் மனிதர்களைப் பார்த்தார்கள். மாணவருக்கு இரண்டு பார்வையும் தேவை.

தமிழ்நாட்டில் கோயில் கலையை இருந்த இடத்திலேயே அமர்ந்து வரைந்ததற்குச் சிறந்த முன்மாதிரி ‘சில்பி’ என்று அறியப்பட்ட பி.எம். ஸ்ரீநிவாசன் (1919–1983). நாமக்கல்லில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். ஆனந்த விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஊர் ஊராகச் சென்று சிற்பங்களையும் மூர்த்திகளையும் பேனாக் கோட்டில் வரைந்தார். ஒரு தூணில் எந்த அணிகலன் எங்கே முடிகிறது என்பதை அவர் கோடு தெளிவாகச் சொல்லும். ஸ்ரீரங்கத்துக்குப் போவதற்கு முன் அவர் படங்களில் நான்கைந்தைப் பார்த்துப் படி எடுத்துப் பழகுவது நல்ல தயாரிப்பு.

பழைய படங்களைப் பார்த்துச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. டேனியல் அச்சையோ டிரைப் படத்தையோ கையில் வைத்துக்கொண்டு, அது எடுக்கப்பட்ட இடத்தை நகரில் தேடிக் கண்டுபிடித்து, அதே சட்டகத்தில் இன்றைய காட்சியை வரைய வேண்டும். எது இல்லை, எது புதிது, எது மறைந்திருக்கிறது என்பதை ஓரத்தில் குறித்தால் அந்த ஒரு தாளே சிறு ஆய்வுக் கட்டுரையின் வேலையைச் செய்யும்.

கையில் இருக்க வேண்டியவை

நடந்து வரைபவருக்குச் சுமை குறைவாக இருக்க வேண்டும். ஏ4 அல்லது அதில் பாதி அளவுள்ள ஸ்கெட்ச் புத்தகம், பரீட்சை அட்டையும் இரண்டு கிளிப்பும், எச்பி, 2பி, 6பி பென்சில்கள், நீரில் கரையாத மை கொண்ட பேனா, பன்னிரண்டு வண்ணங்கள் உள்ள வாட்டர்கலர் பெட்டி, ஒரு பெரிய உருண்டைப் பிரஷ், ஒரு சிறிய பிரஷ், தண்ணீருக்கு மூடியுள்ள டப்பா, பழைய துணி ஆகியவை போதும். வாட்டர்கலருக்குத் தாள் 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல் இருக்கட்டும். 300 என்றால் அலைபாயாது. ஈஸலை நகர் வீதிகளில் விரிக்க இடம் கிடைக்காது. மடக்கு ஸ்டூலும் மடியில் வைத்த அட்டையும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

திருச்சி வெயிலில் வாட்டர்கலர் வாஷ் மிக விரைவில் காய்ந்து விளிம்பு தட்டிவிடும். வானத்துக்கான வாஷைப் போடுமுன் தாளை இருமுறை ஈரப்படுத்துவதும், கோடைக்காலத்தில் படத்தின் அளவைப் பாதியாகக் குறைப்பதும் கைகண்ட வழிகள். பாறையின் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பைத் தொட வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால், விகிதத்தை மாற்றி மாற்றி வெயில் பக்கத்துக்குச் சூடான சாம்பலும் நிழல் பக்கத்துக்குக் குளிர்ந்த சாம்பலும் கிடைக்கும். காவிரி மணலுக்கு எல்லோ ஓக்கர் அடிப்படை.

நேரம் போதாத இடத்தில் வண்ணத்தை எழுத்தில் குறிக்கலாம். 1873 முதல் 1875 வரை இந்தியாவில் பயணம் செய்த எட்வர்ட் லியர், தன் பென்சில் வரைவுகளின் மீதே நிறங்களின் பெயரை எழுதிவைத்து, பிறகு வண்ணம் தீட்டுவது வழக்கம். மாணவருக்கும் அந்த முறை உதவும்.

பருவமும் வெளிச்சமும்

திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடபுறமாகக் கடக்கிறது. மற்ற மாதங்களில் தென்புறமாகக் கடக்கிறது. ஓவியருக்கு இதன் பொருள் நேரடியானது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் முகம் தெற்கு நோக்கியது. மே மாத நண்பகலில் அந்த முகம் நிழலில் மூழ்கிவிடும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தென்வானில் சுமார் 56 பாகை உயரத்தில் நிற்பதால், அதே முகத்தில் ஒவ்வொரு நிலையின் கீழும் தெளிவான நிழல் பட்டை விழும். கோபுரத்தின் நிலைகளை எண்ணிப் படிக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம்.

கடிகாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியத் திட்டநேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை ஒட்டியது. திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் இங்கு சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15 மணிக்கு. நிழல் நன்றாக நீளும் பொழுது காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நாலுக்குப் பின்பும். இடைப்பட்ட நேரத்தை மண்டபங்கள், குடைவரைகள், அருங்காட்சியகம் போன்ற உள்ளிடங்களுக்கு ஒதுக்கலாம்.

ஆற்றின் தோற்றமும் பருவத்தைப் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ல் திறக்கப்படுகிறது. நீர் வரத்தைப் பொறுத்து இது மாறும். நீர் வந்துவிட்டால் காவிரி கரையைத் தொட்டு ஓடும். கோடையில் மணல் திட்டும் நாணலும் ஒரு நீர்க்கீற்றுமாகக் கிடக்கும். இரண்டும் வரையத் தக்கவை. ஒரே இடத்திலிருந்து இரண்டு பருவத்திலும் வரைந்த இணைப் படங்கள் இன்னும் நல்லவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாளுக்குப் பிளாஸ்டிக் உறை இல்லாமல் கிளம்பக் கூடாது.

தெப்பக்குளமும் கோட்டைப் பகுதியும்

முதல் நாள் வரைவுக்குத் தெப்பக்குளத்தின் மேற்குப் பக்கம் பொருத்தமான இடம். முன்னே நீர், நடுவே நீராழி மண்டபம், பின்னே கிழக்கில் பாறை, அதன் மேல் உச்சிப்பிள்ளையார் கோயில் என்று காட்சி தானே அடுக்காக அமைந்திருக்கிறது. பாறையின் மேற்குப் பக்கத்தைப் பார்த்து உட்கார்வதால் காலையில் பாறை நிழலுருவாக மட்டும் தெரியும். மாலையில் வெயில் நேரே விழுந்து பிளவுகளும் மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்களும் துலங்கும். வடிவத்தைப் பிடிக்கக் காலையும், உடலைப் பிடிக்க மாலையும் ஏற்றவை.

பாறையை வரையும்போது நேரும் பொதுவான பிழை, அதை ஒரு முக்கோணமாக எளிமைப்படுத்திவிடுவது. பாறையின் புற எல்லையை முதலில் ஒரே தொடர்கோடாகப் போட வேண்டும். அடுத்து, பாறையின் நடுமட்டத்தில் நீண்டு பரவும் தாயுமானவர் கோயிலின் கிடைமட்ட நிறையைச் சேர்க்க வேண்டும். உச்சியில் உள்ள மண்டபத்தைக் கடைசியில் வைக்க வேண்டும். உச்சி மண்டபம் உண்மையில் சிறியது. கண்ணை அது இழுப்பதால் கை அதைப் பெரிதாக்கிவிடும். பென்சிலை நீட்டி, பாறையின் மொத்த உயரத்தில் உச்சி மண்டபம் எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்த பிறகே கோடு போடுவது பாதுகாப்பு.

தெப்பக்குளத்தைச் சுற்றியே வேறு பாடங்களும் இருக்கின்றன. மேற்கே தூய வளனார் கல்லூரி வளாகத்தில் உள்ள லூர்து அன்னை ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோதிக் பாணியில் எழுந்தது. அதன் கூர்நுனிக் கோபுரத்தையும் பாறையின் மழுங்கிய திரட்சியையும் ஒரே தாளில் வைத்து வரைவது நல்ல ஒப்புமைப் பயிற்சி. அருகிலேயே கிளைவ் மாளிகை எனப்படும் கட்டடமும், சுவார்ட்ஸ் பாதிரியார் 1766ல் கட்டிய கிறிஸ்து ஆலயமும் இருக்கின்றன. நாயக்கர்களின் கோட்டை நகரம், 1751–52 முற்றுகையின்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய களம், பிறகு மிஷன் கல்லூரிகளின் நகரம் என்ற மூன்று கட்டங்களும் ஒரு குளத்தைச் சுற்றித் தெரிகின்றன.

கோட்டை மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பதில் முக்கியமானது மேற்குப் பக்கத்து மெயின்கார்டு கேட். மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் பழைய மதிலின் கோட்டை ஒட்டியே செல்கின்றன. இங்கு காட்சி ஓவியத்தைவிட நடை வரைபடம் பொருந்தும். மாணவர் குழு இந்தச் சாலைகளில் நடந்து, வளைவுகளையும் சந்துகளையும் கண்மதிப்பில் ஒரு தாளில் போட்டு, எஞ்சிய சுவர்களைத் தடித்த கோட்டிலும் மறைந்த மதிலைப் புள்ளிக் கோட்டிலும் காட்டலாம். சின்னக்கடைத் தெருவும் பெரிய கடைத்தெருவும் மனித உருவப் பயிற்சிக்கான இடங்கள். நிற்பவரை அல்ல, திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்பவரை வரைய வேண்டும். பூ கட்டுபவர், தராசு பிடிப்பவர், மூட்டை இறக்குபவர் எல்லோரும் ஒரே நிலைக்கு மீண்டும் மீண்டும் வருவார்கள்; விட்ட கோட்டை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம்.

நத்தர்ஷா பள்ளிவாசலின் குவிமாடம் வட்டத்தை வட்டமாகவே நிறுத்தும் பயிற்சியைத் தரும். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் அடக்கத்தலம் இங்கு இருக்கிறது. ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இயங்கும் அரசு அருங்காட்சியகம் நண்பகல் வெயிலுக்கு ஒதுங்க ஏற்றது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாயக்கர் காலக் கட்டடங்களின் வளைவுகளையும் தூண்களையும் நிழலில் அமர்ந்து அங்கே வரையலாம்.

குடைவரைகளும் மலை உச்சியும்

பாறையில் இரண்டு குடைவரைகள் உண்டு. கீழ்க்குடைவரை பாண்டியர் காலத்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மேல்குடைவரை முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவரம். அதன் மேற்குச் சுவரில் கங்காதரர் சிற்பத் தொகுதி செதுக்கப்பட்டிருக்கிறது. சடையில் கங்கை இறங்க, சுற்றிலும் அடியவர்கள் சூழ நிற்கும் இந்தப் புடைப்புச் சிற்பம் தமிழ்நாட்டின் மிகப் பழைய பெரிய சிற்பத் தொகுதிகளில் ஒன்று.

புடைப்புச் சிற்பத்தை வரையும்போது கோட்டை விட நிழலே முதன்மை. முதலில் மொத்தச் சட்டகத்தின் அகல உயர விகிதம்; அடுத்து நடு உருவத்தின் சாய்வு அச்சு; பிறகு சுற்றியுள்ள உருவங்கள் அந்த அச்சை நோக்கி எப்படித் திரும்பியிருக்கின்றன என்பது. முகத்தையும் நகையையும் கடைசிக்குத் தள்ள வேண்டும். குடைவரையில் ஒளி வாசல் பக்கமிருந்தே வருவதால் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருளுமாக இருக்கும். 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தே அந்த மாற்றத்தைக் காட்டலாம். தூண்களின் அமைப்பையும் தனியே குறிக்க வேண்டும். மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை என்ற வடிவம் மகேந்திரவர்மன் காலத் தூணின் அடையாளம்.

உச்சியிலிருந்து வடக்கே பார்த்தால் காவிரி, தென்னந்தோப்புகள், தீவு, கோபுரங்கள் என்று காட்சி விரியும். இங்கே தொடுவானக் கோடுதான் முதல் முடிவு. பார்ப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து 83 மீட்டருக்கு மேல். ராஜகோபுரத்தின் உயரமோ சுமார் 72 மீட்டர். எனவே கோபுரத்தின் கலசம் தொடுவானக் கோட்டைத் தாண்டி மேலே போகாது. கோபுரம் பெரியது என்ற நினைப்பில் பெரும்பாலோர் அதை வானத்துக்குள் நீட்டிவிடுகிறார்கள். அளவும் அப்படித்தான். கையை முழுக்க நீட்டிப் பென்சிலைப் பிடித்தால், மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அந்தக் கோபுரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். அந்தச் சிறிய அளவைத் தாளில் அப்படியே வைத்தால்தான் நடுவில் கிடக்கும் ஆற்றின் அகலம் பார்ப்பவருக்கு உறைக்கும்.

தொலைவைக் காட்ட மூன்று வாஷ் போதும். தொலைவான தீவுக்கு வெளிர் நீலச் சாம்பல், நடுவில் உள்ள கரைக்குப் பச்சைச் சாம்பல், அருகில் உள்ள கூரைகளுக்கு அடர்ந்த நிறம்.

காவிரிக்கரை

ஆற்றின் தென்கரையில் ஓடத்துறைப் பகுதியும் வடகரையில் அம்மா மண்டபம் படித்துறையும் எதிரெதிரான இரண்டு பார்வைகளைத் தருகின்றன. தென்கரையிலிருந்து தீவின் மரக்கோடும் அதன் மேல் தலைதூக்கும் கோபுரமும். வடகரையிலிருந்து நீருக்கு அப்பால் பாறை. மலை உச்சியில் கீழே கிடந்ததெல்லாம் இங்கே கண்மட்டத்துக்கு மேலே நிமிர்கிறது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்மட்டம் மாறுவதன் விளைவை மாணவர் தன் கைவேலையிலேயே காணலாம். இரு கரைகளையும் இணைக்கும் காவிரிப் பாலத்தின் நடைபாதையில் உட்கார்ந்து வரைவது போக்குவரத்துக்கும் வரைபவருக்கும் ஆபத்து. அங்கே நின்றபடி சிறு குறிப்புகள் மட்டும் எடுக்கலாம்.

அம்மா மண்டபத்தில் பலர் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிறார்கள், நீராடுகிறார்கள். அடையாளம் தெரியும்படி அவர்களை வரைவது முறையல்ல. தொலைவிலிருந்து கூட்டத்தை உருவத் திட்டுகளாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆடிப்பெருக்கு நாளில் கூட்டமும் நீர் வேகமும் சேர்ந்திருக்கும். நீரை ஒட்டிய படிகளில் உட்காரக் கூடாது.

நேரமுள்ளவர்கள் மேற்கே முக்கொம்புக்குப் போகலாம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அந்த இடத்தில் ஆர்தர் காட்டன் 1830களில் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பகுதியின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மதகுகளின் சீரான அடுக்கு, ஒருபுள்ளித் தூரக்காட்சியைப் பழக ஏற்ற பாடம்.

ஸ்ரீரங்கத்து வீதிகள்

ஸ்ரீரங்கம் கோயில் ஏழு திருச்சுற்றுகளும் இருபத்தொரு கோபுரங்களும் கொண்டது. மதில்களுக்குள்ளேயே மக்கள் வாழும் வீதிகளும் இருக்கின்றன. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று உள்ளிருந்து வெளியே விரியும் இந்த அமைப்பே ஊரின் உண்மையான வடிவம். ஆகவே முதலில் வரைய வேண்டியது கோபுரமல்ல, ஊரின் திட்டம். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு செவ்வகங்களைப் போட்டு, வாயில்களில் கோபுரங்களைக் குறித்து, தாம் நிற்கும் இடத்தைப் புள்ளியிட்ட பிறகே மாணவர் காட்சிக்குப் போக வேண்டும்.

சித்திரை வீதிகள் தேரோடும் வீதிகள் என்பதால் அகலமானவை. ஒருபுள்ளித் தூரக்காட்சி அங்கே தெளிவாக அமையும். வீதியின் ஒரு பக்கம் நீளும் மதில், மறுபக்கம் திண்ணை வைத்த பழைய வீடுகளும் புதிய அடுக்குமாடிகளும். பழைய வீட்டையும் அதன் பக்கத்தில் எழுந்த கான்கிரீட் கட்டடத்தையும் சேர்த்தே வரைவது நல்லது. அழகுக்காக ஒன்றை விட்டுவிட்டால் அந்தத் தாள் அந்த ஆண்டின் வீதிக்குச் சாட்சியாகாது. மின்கம்பியும் டிஷ் ஆண்டெனாவும் கூட அளவோடு இடம்பெறலாம்.

கிழக்கு வாயிலின் வெள்ளைக் கோபுரம் வாட்டர்கலருக்குத் தனிப் பாடம். வண்ணம் பூசிய மற்ற கோபுரங்களுக்கு நடுவே வெள்ளையாக நிற்பதால், தாளின் வெண்மையையே வெளிச்சமாக விட்டுவிட்டு நிழலை மட்டும் நீலச் சாம்பலில் வைத்தால் போதும். கோபுரத்துக்கு உட்புறம் இருப்பது சேஷராயர் மண்டபம். முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் வீரர்களும் விலங்குகளும் ஒரே கல்லில் பின்னிய அதன் தூண்கள் உலகப் புகழ் பெற்றவை. ஒரு நாளில் ஒரு தூணுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. குதிரையின் முதுகிலிருந்து வீரனின் கை வழியாக ஈட்டி வரை செல்லும் விசைக் கோட்டை முதலில் பிடித்தால் மற்றவை அதைச் சுற்றி அமையும். தென்மேற்குப் பகுதியிலுள்ள வேணுகோபாலர் சன்னதியின் வெளிச்சுவரில் வீணை மீட்டும் பெண்ணும் கண்ணாடி பார்க்கும் பெண்ணும் உண்டு; நின்ற உருவத்தின் ஒசிவைப் பழக அவை ஏற்றவை.

அருகில் உள்ள திருவானைக்காவில் உயர்ந்த வெளிமதிலும் தென்னை நிழலும் எளிய, பெரிய வடிவங்களில் பயில விரும்புபவருக்கு உகந்தவை.

கோபுரத்தை வரையும் முறை

ராஜகோபுரம் பதின்மூன்று நிலைகள் கொண்டது. விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில் தொடங்கிய வேலை அடிப்பகுதியோடு நின்றுபோய், நானூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர் 1979ல் மீண்டும் தொடங்கி 1987ல் முடித்தார். ஆகவே 1979க்கு முந்தைய எந்தப் படத்திலும் தெற்கு வாயிலில் இந்தக் கோபுரம் முழுமையாக இருக்காது. கீழே உள்ள பழைய கல்வேலைக்கும் அதன் மேல் எழுந்த புதிய பகுதிக்கும் இடையிலான எல்லையை வரைவில் தெளிவாகக் காட்ட வேண்டும்; நானூறு ஆண்டு இடைவெளி அந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

முழுக் கோபுரமும் கழுத்தை நிமிர்த்தாமல் கண்ணில் அடங்க வேண்டுமானால் பார்வைக் கோணம் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். 72 மீட்டர் உயரத்துக்கு அதற்கான தொலைவு சுமார் 125 மீட்டர். அதைவிட நெருங்கினால் மேல்நிலைகள் குறுகி, கோபுரம் பின்னால் சாய்வது போலத் தோன்றும். தெற்கே சாலையில் தள்ளி நின்று, கடை நிழலில் இடம் பார்ப்பது நல்லது.

வரையும் வரிசை இது. முதலில் நடு அச்சுக்கோடு. அடுத்து அடி அகலமும் மேல் அகலமும் இணையும் சரிவுக் கோடுகள். அதன் மேல் வண்டிக்கூடு போன்ற சாலைச் சிகரம், அதன் மேல் கலசங்கள். பிறகு நடுவில் ஒவ்வொரு நிலையிலும் உள்ள வாசல் திறப்புகளை எண்ணிக் குறிக்க வேண்டும். நிலைகளைப் பிரிப்பதற்கு அவையே அளவுகோல். மேலே போகப் போக நிலைகளின் உயரமும் அகலமும் குறையும் என்பதை மறந்து சம பாகமாகப் பிரித்தால் கோபுரம் அடுக்குமாடிக் கட்டடமாகிவிடும். நிலைக்கு நிலை கபோதத்தின் கீழ் விழும் நிழலைப் பட்டையாக வைத்த பிறகு, சுதை உருவங்களில் கண்ணுக்குத் தனியாகத் தெரிபவற்றை மட்டும் கோட்டில் எடுக்கலாம். எல்லாப் பொம்மையையும் வரைய முயன்றால் கோபுரம் காணாமல் போகும்.

அனுமதியும் ஒழுங்கும்

மலைக்கோட்டைக் கோயில்களும் ஸ்ரீரங்கமும் வழிபாட்டிடங்கள். வெளிவீதிகளிலும் பொது மண்டபங்களிலும் வரைவதற்கே கூட, குழுவாகச் சென்றால், கல்லூரியின் கடிதத்துடன் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. சன்னதிகளுக்குள் வரையக் கூடாது. கைபேசி, புகைப்படம் பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுவதால் அன்றன்றைய அறிவிப்பைப் பார்க்க வேண்டும். வண்ண நீரைக் கல்தளத்திலோ குளத்திலோ கொட்டக் கூடாது. சிற்பத்தின் மீது தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுக்கவே கூடாது. செருப்பில்லாமல் நடக்க வேண்டிய இடங்களில் நண்பகல் கல் சுடும்; நிழல் பாதையை முன்பே பார்த்துவைக்க வேண்டும். வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர் நாட்களில் உள்ளே உட்கார்ந்து வரைய இயலாது. அந்த நாட்கள் கூட்டத்தை வெளியிலிருந்து விரைவு வரைவுகளாக எடுக்க உதவும்.

இரண்டு நாள் திட்டம்

தமிழ்நாட்டின் இரண்டு அரசு கவின்கலைக் கல்லூரிகளில் திருச்சிக்கு அருகிலிருப்பது கும்பகோணத்தில் உள்ளது. தொலைவு சுமார் 90 கிலோமீட்டர். அங்கிருந்தோ வெளியூரிலிருந்தோ வரும் குழுவுக்கு இரண்டு நாள் தேவை. முதல் நாள் காலை நடை திறந்ததும் மலை உச்சி, முற்பகலில் மேல்குடைவரை, நண்பகலில் அருங்காட்சியகம், மாலையில் தெப்பக்குளத்தின் மேற்குப் பக்கம். இரண்டாம் நாள் காலை அம்மா மண்டபம், முற்பகலில் ஸ்ரீரங்கத்து ஊர்த்திட்டமும் சேஷராயர் மண்டபமும், மாலையில் சித்திரை வீதியும் ராஜகோபுரமும். இடத்துக்கு ஒரு விரைவு வரைவும், நாளுக்கு ஒரு முழுமையான படமும் போதும். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பிரிந்து உட்கார்ந்து, இரவில் தாள்களைத் தரையில் பரப்பி ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்திருப்பார்.

தாளில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு தாளின் பின்புறமும் இடம், நாள், மணி, பார்க்கும் திசை, அன்றைய வானிலை ஆகிய ஐந்தையும் பென்சிலில் எழுத வேண்டும். கட்டடத்தின் பெயரும் அதன் காலமும் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சேர்க்கலாம். தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது. முகம் தெரியும்படி வரையப்பட்டவர் சம்மதித்தாரா என்பதையும் குறிக்க வேண்டும். கேப்ரியல் கம்பனாரியோ 2007ல் சியாட்டிலில் தொடங்கிய நகர்ப்புற ஓவியர் இயக்கம், களத்தில் நேரே பார்த்து வரைவதையும் கண்டதற்கு உண்மையாக இருப்பதையும் தன் அடிப்படை விதிகளாகக் கொண்டிருக்கிறது. திருச்சி மாணவருக்கும் அதே விதி பொருந்தும். கோபுரத்துக்குப் புதிய வண்ணம் பூசப்படலாம், சித்திரை வீதியில் இன்னொரு திண்ணை இடிக்கப்படலாம், ஆற்றின் குறுக்கே புதிய பாலம் எழலாம். அப்போது நாளும் இடமும் குறித்த தாள் ஆவணமாக நிற்கும். குறிக்காதது அழகான படமாக மட்டுமே எஞ்சும். ஆகையால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஐந்து குறிப்புகளையும் எழுதிவிடுவதை மாணவர் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.